காட்டூன் வீரர்கள் காட்டும் ஒற்றுமையும் மன்னிப்பும்



பெற்றோர் கூடும் இடமெல்லாம் இன்று ஒரே முறைப்பாடு கேட்கிறது: "பிள்ளைகள் புத்தகத்தைத் தொடுவதில்லை, எந்நேரமும் காட்டூன்தான்." தொலைக்காட்சி உள்ள வீட்டில் அதன் முன்னாலும், இல்லாத வீட்டில் யாராவது ஒருவருடைய கைத்தொலைபேசியைச் சுற்றியும் அவர்கள் கூடிவிடுகிறார்கள். தோளிற் சிவப்புத் துணி பறக்க ஒருவர் வானத்திற் பறந்து செல்கிறார். சிலந்தி உடை அணிந்த இன்னொருவர் மாடிக்கு மாடி தாவுகிறார். அன்றாடச் சீவியத்துக்கே அல்லற்படும் நமக்கு இவையெல்லாம் வீண் பொழுதுபோக்காகத் தோன்றுவதில் வியப்பில்லை.

ஆயினும் ஒரு விடயத்தை நாம் மறக்கலாகாது. இயேசு மக்களுக்குப் போதித்தபோது அவர்கள் நாள்தோறும் கண்டவற்றையே எடுத்துக்கொண்டார். விதைக்கிறவர், களை, கடலில் வீசிய வலை, மாவிற் கலந்த புளிப்பு, வழி தப்பிய ஆடு ஆகியவற்றைக் கொண்டே இறையாட்சியை விளக்கினார். நமது பிள்ளைகள் நாள்தோறும் காண்பவை இந்த வீரக் காட்டூன்கள். அவற்றைப் பறித்து எறிவது எளிதன்று. அவர்கள் அருகே அமர்ந்து, பதரைப் புடைத்து நெல்லை எடுப்பது போல, கொள்ளத்தக்கதை எடுத்துக் காட்டுவதே பயனுள்ள வழி. அவ்வாறு எடுக்கத்தக்க இரண்டு பாடங்கள் ஒற்றுமையும் மன்னிப்பும் ஆகும். இடம்பெயர்ந்து வாழ்வோருக்கும், ஊர் திரும்பிப் பழைய அயலவரோடு மீண்டும் வாழத் தொடங்கியோருக்கும் இவ்விரண்டும் சோறும் தண்ணீரும் போன்றவை.

கமக்காரர் வளர்த்த குழந்தை

இவ்வகை வீரர்களுள் முன்னோடி சுப்பர்மான். 1938ஆம் ஆண்டில் ஜெரி சீகல், ஜோ ஷஸ்ரர் என்னும் இரு இளைஞர்களின் படைப்பாக, அமெரிக்கச் சித்திரக்கதை இதழொன்றில் இப்பாத்திரம் முதலில் வெளிவந்தது. இருவரும் குடிபெயர்ந்து வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். கிளீவ்லாந்து நகரிற் பள்ளித் தோழர்கள். 1941இல் அக்கதை அசையும் சித்திரமாகத் திரைக்கும் வந்தது.

கதை இதுதான். கிரிப்டன் என்னும் கோள் அழியப்போகிறது. தாம் தப்ப வழியற்ற பெற்றோர் தமது கைக்குழந்தையை ஒரு சிறு விண்கலத்தில் வைத்து அனுப்பிவிடுகின்றனர். அது அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்திலுள்ள கிராமப் பகுதியில் வந்து விழுகிறது. அங்கு பண்ணை செய்து வாழும் கென்ற் தம்பதியர் குழந்தையைத் தூக்கி எடுத்துத் தமது பிள்ளையாக வளர்க்கின்றனர். கூடையில் வைத்து நைல் நதியோரம் விடப்பட்ட மோசேயின் வரலாறு (விடுதலைப் பயணம் 2) நினைவுக்கு வருகிறதல்லவா?

பிள்ளைகள் சுப்பர்மானின் பலத்தையே பார்க்கிறார்கள். நாம் அவர்களுக்கு வேறொன்றைக் காட்ட வேண்டும். அவனுடைய பலம் பிறப்பால் வந்தது. நற்குணமோ வளர்ப்பால் வந்தது. எளியவனை வருத்தாதே, பலத்தைப் பெருமைக்குப் பயன்படுத்தாதே என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் மண்ணோடு பாடுபட்ட இரண்டு பேர். ஊரிழந்து வந்த குழந்தையைப் பார்த்து, "இது எந்த ஊர், எந்தச் சாதி" என்று கேளாமற் கதவைத் திறந்த வீடொன்று இருந்தபடியாற்றான் உலகத்துக்கு ஒரு காவலன் கிடைத்தான். எனவே, ஒற்றுமையின் முதற்படி பலமன்று, ஏற்றுக்கொள்ளலே. எகிப்தில் அந்நியராய் வாழ்ந்த அனுபவத்தை மறவாது, தம்மிடையே வந்து தங்கும் அந்நியரைத் தம்மவராகவே நடத்த வேண்டும் என்று இஸ்ரயேலருக்கு இறைவன் கட்டளையிட்டதும் (லேவியர் 19:34) இதனையே.

ஐந்தாவது மோதிரம்

'கப்ரன் பிளனற்' என்ற காட்டூன் தொடர் 1990 முதல் 1996 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பானது. மண்ணையும் நீரையும் காற்றையும் மாசுபடுத்துவோரை எதிர்ப்பதே அதன் கதை. ஆபிரிக்கா, ஆசியா, வட அமெரிக்கா, தென் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் ஆகிய இடங்களிலிருந்து ஐந்து இளையோர் அதில் ஒன்று சேர்கின்றனர். அரை நூற்றாண்டுக் காலம் ஒருவரையொருவர் பகைத்திருந்த அமெரிக்காவையும் சோவியத் ஒன்றியத்தையும் சேர்ந்த இருவர் ஒரே அணியில் நின்றதே அன்று ஒரு செய்தி. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. அந்தப் பெண்ணின் இடம் அந்த அணியிற் கலையவில்லை.

ஐவருக்கும் ஐந்து மோதிரங்கள். நிலம், நெருப்பு, காற்று, நீர் ஆகிய நான்கும் நமக்குப் பழக்கமானவை. நமது ஐம்பூதங்களில் ஆகாயம் இருக்கும் இடத்தில், அங்கே ஐந்தாவதாக இதயம் இருக்கிறது. தென் அமெரிக்காவின் அமேசன் காட்டிலிருந்து வந்த மா-ரி என்னும் சிறுவனிடம் அம்மோதிரம் உண்டு. அதிலிருந்து தீ பறப்பதில்லை, வெள்ளம் பாய்வதில்லை. பிறருடைய மனத்தை உணரவும், கோபத்தைத் தணிக்கவும், விலங்குகளோடு உறவாடவுமே அது உதவும். சண்டையென்று வந்தால் இதனால் என்ன பயன் என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஆனால் ஐந்தும் சேர்ந்தால் மாத்திரமே கப்ரன் பிளனற் தோன்றுவார். நான்கு பெரும் பலங்கள் இருந்தும், இதயம் சேராவிட்டால் அவரை அழைக்க முடியாது.

திருச்சபையை ஓர் உடலுக்கு ஒப்பிட்ட புனித பவுல், வலுவற்றவையாகத் தோன்றும் உறுப்புகளே மிகவும் தேவையானவை என்றார் (1 கொரிந்தியர் 12:22). நமது கமக்காரர் அமைப்புகளை எண்ணிப் பார்ப்போம். ஒருவரிடம் உழவு இயந்திரம் உண்டு. ஒருவரிடம் நீரிறைக்கும் இயந்திரம் உண்டு. இன்னொருவருக்குக் கந்தோர்களில் அலுவல் பார்க்கத் தெரியும். இவர்களையே நாம் பெரிதாக மதிக்கிறோம். வாய்க்கால் தண்ணீருக்காக இரு வீட்டார் சண்டையிட்ட பின், இரண்டு வீட்டுப் படியும் ஏறி இறங்கி, இருவரையும் ஒரே தேநீர்க் கடையில் இருத்திவிடும் ஒருவர் இருப்பார். அவரிடம் காணியும் இராது, காசும் இராது. அவரே ஐந்தாவது மோதிரம். அவர் இல்லாத அமைப்பு எத்தனை இயந்திரம் வைத்திருந்தும் அடுத்த போகத்துக்குள் உடைந்துபோகும்.

"எனக்கென்ன" என்று விட்ட கள்வன்

ஒற்றுமை எங்கே உடைகிறது? மனக்காயத்தில் உடைகிறது. எனவே மன்னிப்பைப் பற்றிப் பேசாமல் ஒற்றுமையைப் பற்றிப் பேச முடியாது.

1962இல் தோன்றிய ஸ்பைடர்மான் கதையைப் பிள்ளைகள் எல்லோரும் அறிவர். பெற்றோரை இழந்த பீற்றர் பார்க்கர் என்னும் மாணவனைப் பெரிய தந்தை பென்னும் அவர் மனைவியும் வளர்க்கின்றனர். அபூர்வ சக்தி கிடைத்ததும் அவன் அதைக் காசுக்கும் புகழுக்கும் பயன்படுத்தத் தொடங்குகிறான். ஒருநாள் கள்வன் ஒருவன் அவனைக் கடந்து ஓடுகிறான். பிடித்திருக்கலாம், "எனக்கென்ன" என்று விட்டுவிடுகிறான். பின்னர் அவனுடைய பெரிய தந்தை ஒரு கள்வனாற் கொல்லப்படுகிறார். ஆத்திரத்தோடு துரத்திச் சென்று கொலைகாரனைப் பிடித்து முகத்தைப் பார்த்தால், தான் ஓடவிட்ட அதே கள்வன்.

அந்தக் கணத்தில் அவன் பழிவாங்கிக் கொன்றிருக்கலாம். கொல்லவில்லை, காவற்றுறையிடம் ஒப்படைக்கிறான். எதிரியின் குற்றத்தைக் கண்ட அதே இடத்தில் தன் குற்றத்தையும் அவன் கண்டுவிட்டான். தீமை செய்தவன் ஒருவன். அதைத் தடுக்கக்கூடியவனாயிருந்தும் தடுக்காதவன் இன்னொருவன். கடமையிற் தவறுதலும் பாவமே என்று நாம் திருப்பலியின் தொடக்கத்தில் அறிக்கையிடுகிறோம் அல்லவா?

மத்தேயு நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில் இயேசு கூறிய கடனாளியின் உவமையை இதனோடு சேர்த்துப் படித்தல் நன்று. அரசன் ஒரு பணியாளனுக்குப் பத்தாயிரம் தாலந்துக் கடனைத் தள்ளுபடி செய்கிறான். அப்பணியாளனோ வெளியே போய்த் தனக்கு நூறு தெனாரியம் தரவேண்டியவனின் கழுத்தை நெரிக்கிறான். ஒரு தெனாரியம் அக்காலத்தில் ஒருநாட் கூலி. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். ஆகவே அவனுக்கு மன்னிக்கப்பட்டது சுமார் ஆறு கோடி நாட் கூலி. அவன் மன்னிக்க மறுத்தது நூறு நாட் கூலி. கடன்பட்டு விதைத்த நமக்கு இக்கணக்கை எவரும் விளக்கத் தேவையில்லை. ஆயினும் இயேசு அந்த நூறு நாட் கூலியை ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நூறு நாள் உழைப்பு உண்மையான இழப்பு. நமக்கு இழைக்கப்பட்டதும் உண்மையான இழப்பே. அதை நமது பெருங்கடனின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதே கழுத்தைப் பிடித்த கை தளர்கிறது.

துரத்தப்பட்டவனின் செபம்

1992 முதல் 1997 வரை வெளிவந்த 'எக்ஸ்-மென்' தொடரில் நைற்குரோலர் என்னும் ஒருவன் வருகிறான். நீல நிற உடல், நீண்ட வால், கூரிய காது. உருவத்தைக் கண்ட மக்கள் அவனைப் பேயென்று சொல்லித் துரத்துகின்றனர். 1995இல் ஒளிபரப்பான பகுதியொன்றில் மலைநாட்டுத் துறவி மடம் ஒன்றில் அவன் அடைக்கலம் பெற்றிருக்கிறான். ஊரார் அவனைத் தேடி அங்கும் வருகின்றனர். இத்தனைக்கும் அவனுடைய விசுவாசம் தளரவில்லை. கடவுள்மேற் கசப்புக்கொண்ட வொல்வரின் என்னும் முரட்டு வீரனோடு அவன் பொறுமையாகப் பேசுகிறான். இறுதியில் அந்த முரடன் தனியே ஓர் ஆலயத்திற் செபிப்பதைக் காண்கிறோம். சண்டைக் காட்டூனொன்றில் இப்படியொரு காட்சி அரிது.

1996இல் வந்த இன்னொரு பகுதியில், தன்னைக் கைக்குழந்தையாயிருந்தபோதே கைவிட்ட தாயை அவன் சந்திக்கிறான். அவள் கெட்டவர் கூட்டத்திற் பெயர்பெற்றவள். அவன் அவளை மன்னித்து, அவளுக்காகச் செபிப்பதாகக் கூறுகிறான். அவள் மன்னிப்புக் கேட்டுக் காலில் விழும்வரை அவன் காத்திருக்கவில்லை. மன்னிப்பு முதலில் மன்னிப்பவனையே விடுவிக்கிறது. சிலுவையில் தொங்கியவாறு தம்மைக் கொல்வோருக்காக இயேசு தந்தையிடம் மன்றாடினார் (லூக்கா 23:34). அவர்கள் அப்போது மனம் வருந்திக்கொண்டிருக்கவில்லை. அவருடைய உடைகளுக்குச் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

காட்டிக்கொடுத்தவள் திரும்பியபோது

உள்ளத்தில் மன்னித்தல் ஒன்று. முறிந்த உறவு மீண்டும் பொருந்துதல் இன்னொன்று. முன்னதை ஒருவர் தனியே செய்யலாம். பின்னதற்கு இருவர் வேண்டும், காலமும் வேண்டும். இதனை மிக நன்றாகக் காட்டுவது 2001இல் தொடங்கிய 'ஜஸ்ரிஸ் லீக்', அதாவது நீதிக் கழகம் என்ற தொடர்.

சுப்பர்மான், பட்மான் முதலிய ஏழு வீரர்கள் அதில் அங்கத்தவர். அவர்களுள் ஹோக்கேர்ள் என்னும் சிறகுடைய பெண் வேற்றுக் கோளைச் சேர்ந்தவள். 2004இல் வந்த பகுதியொன்றில் அவள் தனது இனத்தாருக்காக அனுப்பப்பட்ட ஒற்றர் என்பது வெளிப்படுகிறது. தோழர்களின் இரகசியங்களை அவளே கொடுத்திருந்தாள். தனது இனத்தாரின் திட்டம் பூமியை அழித்துவிடும் என்று அறிந்ததும் அவள் தோழர்கள் பக்கம் வந்து உண்மையைச் சொல்கிறாள். பூமி காப்பாற்றப்படுகிறது. ஆனால் இரு பக்கத்தாருக்கும் அவள் துரோகியாகிவிட்டாள்.

அவளைத் தொடர்ந்து சேர்த்துக்கொள்வதா என்று கழகம் வாக்கெடுக்கிறது. முடிவைக் கேளாமலே அவள் தானாக விலகிப் போகிறாள். பின்னர் வந்த ஒரு பகுதியிலேதான் முடிவு தெரியவருகிறது. வாக்குகள் சமமாயிருந்தன, சுப்பர்மானின் வாக்கே அவளுக்குச் சார்பாகத் தீர்த்தது. ஒருவருக்கு மீண்டுமொரு வாய்ப்புக் கொடுப்பதிலும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் நண்பர்கள்மீதும் தனக்கு நம்பிக்கை உண்டு என்பதே அவன் கூறும் காரணம்.

இங்கே கவனிக்க வேண்டியவை சில உண்டு. முதலாவது, நடந்ததை எவரும் மூடி மறைக்கவில்லை. இரண்டாவது, வாக்குகள் சமமாயிருந்தன. அதாவது நல்லவர்களுக்கும் மன்னிப்பது கடினம். மூன்றாவது, அவள் திரும்பிய பின்னும் எல்லோரும் உடனே சிரித்துப் பேசவில்லை. வொண்டர் வுமன் என்னும் வீராங்கனை நெடுநாள் கசப்போடு இருந்தாள். 2005இல் வந்த பகுதியில் இருவரும் சேர்ந்து ஆபத்தான வேலையொன்றுக்குப் போக நேர்கிறது. அந்த வேலையினூடாகவே அவர்களிடையே மனம் இளகியது. வாயாற் பேசித் தீராதது தோளோடு தோள் நின்று செய்த வேலையிற் தீர்ந்தது.

பேதுருவுக்கும் இதுவே நடந்தது. மூன்று முறை மறுதலித்தவரை உயிர்த்த இயேசு கடற்கரையிற் சந்தித்து, முதலில் மீனும் அப்பமும் கொடுத்தார். பின்பு மூன்று முறை அன்பைப் பற்றிக் கேட்டார்; ஒவ்வொரு முறையும் ஆடுகளைப் பேணும் வேலையை ஒப்படைத்தார் (யோவான் 21). காயம் பட்ட இடத்தைத் தொட்டார், மறைக்கவில்லை. மன்னித்ததன் அடையாளமாக மீண்டும் நம்பி ஒரு பொறுப்பைக் கொடுத்தார்.

நமது ஊர்களிலும் இவ்வகைக் காயங்கள் உண்டு. நெருக்கடிக் காலத்தில் இன்னார் நம்மைக் காட்டிக்கொடுத்தார், நாம் ஓடியபோது இன்னார் நமது வீட்டுக் கதவு நிலையைக் கழற்றினார், நாம் இல்லாதபோது இன்னார் வேலியைத் தள்ளிப் போட்டார் என்ற கதைகள் ஒவ்வொரு வீட்டிலும் உள்ளன. அவற்றை ஒரே கூட்டத்திற் பேசித் தீர்க்க முயன்றாற் சில வேளை புண்ணே பெரிதாகும். பொதுக் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்குதல், வாய்க்காலைச் சிரமதானமாக வெட்டுதல் போன்ற சேர்ந்த வேலையொன்றில் முதலில் அருகருகே நிற்போம். பேச்சு அதன் பின் வரும்.

காட்டூன் சொல்லாதவை

இவற்றைப் புகழ்ந்த நாம் இவற்றின் குறையையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

பெரும்பாலான காட்டூன்களில் நல்லவன் முழுவதும் நல்லவன், கெட்டவன் முழுவதும் கெட்டவன். இருவரையும் நிறத்திலேயே பிரித்துவிடலாம். இறுதியில் அடியே தீர்ப்பு. நற்செய்தி அப்படிச் சொல்லவில்லை. கோதுமைக்கு நடுவே களை முளைத்தபோது உடனே பிடுங்க விரும்பிய பணியாளரை வீட்டு உரிமையாளர் தடுத்தார் (மத்தேயு 13:24-30). நெல்லோடு நெல்லாய் வளரும் கோழிச்சூடனை இளம்பயிரிற் பிரித்தறிவது எவ்வளவு கடினம் என்று நாம் அறிவோம். மனிதரிடத்தில் அது இன்னும் கடினம். ஒரே மனிதனுள் பயிரும் களையும் சேர்ந்தே வளர்கின்றன.

இரண்டாவது குறை, அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். 1992இல் வந்த 'கப்ரன் பிளனற்' பகுதியொன்றிற் பெல்பாஸ்ற், மத்திய கிழக்கு, தென்னாபிரிக்கா ஆகிய இடங்களில் பகைத்து நின்ற இரு தரப்பாருக்கும் பேரழிவுக் குண்டுகளைக் கொடுத்து மூட்டிவிடப் பார்க்கிறான் எலி முகமுள்ள ஒரு பகைவன். காட்டூனில் அது அன்றே தீர்ந்தது. உண்மையில் வட அயர்லாந்தில் உடன்படிக்கை 1998 ஏப்பிரலில், பெரிய வெள்ளியன்றே கைச்சாத்தானது. அதன் பின்னும் பெல்பாஸ்ற் நகரிற் கத்தோலிக்கர் தெருவையும் புரட்டஸ்தாந்தர் தெருவையும் பிரிக்கும் சுவர்கள் பல இன்னும் நிற்கின்றன. மத்திய கிழக்கில் இரத்தம் சிந்துதல் ஓயவில்லை. தென்னாபிரிக்காவில் 1994இல் நிறவெறி ஆட்சி நீங்கியது. 1996 முதல் பேராயர் டெஸ்மன்ட் டுட்டு தலைமையிலான உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு மக்கள் முன் விசாரணை நடத்தியது. அரசியல் நோக்கத்தோடு குற்றம் புரிந்தவர்கள், செய்ததை முழுமையாக வெளியிட்டால் மாத்திரமே பொது மன்னிப்புப் பெறலாம் என்பது விதி. ஆயினும் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2003இல் அறிவிக்கப்பட்ட இழப்பீடு ஆளுக்கு 30,000 ராண்ட் மட்டுமே. ஆணைக்குழு பரிந்துரைத்ததிலும் அது மிகக் குறைவு என்று பலர் மனம் நொந்தனர். உண்மை பேசப்பட்டது நன்று. இழப்பும் ஈடுசெய்யப்பட வேண்டும் என்பதே அங்கிருந்து நாம் கற்பது.

எனவே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவைக்க விரும்புகிறோம். மன்னித்தல் வேறு, மறத்தல் வேறு. மன்னித்தல் வேறு, காணி உறுதியைக் கைவிடுதல் வேறு. காணாமற்போன பிள்ளையைத் தேடும் தாயிடம் "மன்னித்து மறந்துவிடு" என்று கூறுவது நற்செய்தியன்று. அவள் கேட்பது உண்மை, உண்மையோ மன்னிப்பின் பகைவனன்று. ஸ்பைடர்மான் கள்வனைக் கொல்லவில்லை. அவனைச் சட்டத்தின் கையில் ஒப்படைக்கவும் தவறவில்லை. பழிவாங்காமலே நியாயம் கேட்கலாம். வெறுக்காமலே உரிமை கோரலாம். அவ்வாறு கேட்பவருடைய குரலுக்கே பலம் அதிகம்.

குடும்பத்திலும் குழுவிலும் கலந்துரையாட

1. பிள்ளைகள் விரும்பிப் பார்க்கும் வீரர் யார்? அவரிடம் பலத்தைத் தவிர வேறென்ன நற்குணம் உண்டு என்று அவர்களையே சொல்லச் செய்யுங்கள்.

2. நமது ஊரில் "ஐந்தாவது மோதிரம்" போன்றவர் யார்? அவரை நமது சங்கத்தில் மதிக்கிறோமா?

3. நாம் "எனக்கென்ன" என்று விட்டுவிட்டதால் அயலவருக்கு நேர்ந்த தீங்கு ஏதும் உண்டா?

4. நீண்ட நாட் பேசாதிருக்கும் அயல் வீட்டாரோடு சேர்ந்து செய்யக்கூடிய சிறு வேலை எது? அதை அடுத்த மழைக்கு முன் தொடங்க முடியுமா?

காட்டூன் வீரர்களுக்குச் சிறகும் சிலந்தி நூலும் உண்டு. நமக்கு அவை இல்லை. மண்வெட்டியும், அயல் வீட்டுப் படலையைத் தள்ளித் திறக்கும் ஒரு கையும் நம்மிடம் உண்டு. இந்த வாரம் அந்தப் படலையைத் திறப்போம்.